தெற்குப் பாறையின் காந்தம்

செவ்வாய்க் கிரகத்தின் வயிற்றில் கொதித்த இரும்புக் குழம்பு ஆறிப்போனதும் அதைக் காத்துவந்த காந்தக் கவசம் கலைந்தது. அன்றுமுதல் சூரியக் காற்று வந்து மேகங்களை ஒவ்வொன்றாக வாரிக்கொண்டு போனது.

தெற்கே ஒரு பாறையில் பழைய காந்தம் இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. தப்பி ஓடிவந்த சின்ன மேகத்திடம் அது, “என் தலைக்கு மேலே வந்து நில்லு, தங்கச்சி” என்றது.

சூரியக் காற்று சிரித்தது. “கிரகத்தையே உரித்துவிட்டேன். ஒற்றைப் பாறை நீ எத்தனை நாள் தாங்குவாய்?”

“அது தெரியாது. இன்றைக்கு இவளை விடமாட்டேன்.”

சூரியக் காற்று ஆவேசமாக மோதியது. பாறை விரிசல் விட்டும் அசையவில்லை. கடைசியில் காற்று ஒதுங்கிச் சுற்றிக்கொண்டு போனது.

மேகம் மெல்ல எட்டிப் பார்த்து, “போய்விட்டானா, அண்ணே?” என்றது.

“திரும்பி வருவான். அதற்குள் பக்கத்துப் பாறையை எழுப்பு. அவனிடமும் கொஞ்சம் காந்தம் இருக்கும்.”