பதினோராவது நிமிஷம்

"பரீட்சைக் கேள்வித்தாளை நீதானே எடுத்தே?"

குற்றவியல் வகுப்பே பார்க்க, கடைசி பெஞ்சுக்காரனை முன்னால் உட்காரவைத்து விளாசினேன்.

"இல்ல சார்."

"திருட்டு முழி முழிக்காதே. பார்த்தவங்க இருக்காங்க."

"என்னைப் பிடிக்கலைன்னா நேரா சொல்லுங்க. திருட்டுப் பட்டம் கட்டாதீங்க."

"உங்க அப்பாவை வரச் சொல்லட்டுமா?"

பதினோராவது நிமிஷம் உடைந்தான். "எடுத்தேன் சார். உங்க அலமாரியை நகர்த்தி, பின்பக்கத் தகட்டைக் கழட்டி எடுத்தேன்." அதையே எழுதிக் கையெழுத்தும் போட்டான்.

நான் வகுப்பின் பக்கம் திரும்பினேன்.

"கேள்வித்தாள் எதுவும் காணாமப் போகல. அலமாரிப் பூட்டு அப்படியே இருக்கு. மிரட்டினா, செய்யாத குத்தத்தையும் ஒத்துக்குவாங்க. தகடு கிகடுன்னு கதையும் கட்டுவாங்க. பொய் வாக்குமூலம், இதுதான் இன்னிக்குப் பாடம்."

அவனிடம் மன்னிப்புக் கேட்டு, காகிதத்தைச் சுக்குநூறாகக் கிழித்தேன்.

"நல்ல பாடம் சார்," என்று முறைத்துவிட்டுப் போனான்.

என் அறைக்கு வந்தேன். அலமாரி பூட்டியபடியே இருந்தது. ஆனாலும் மனசு கேட்காமல் அதை நகர்த்திப் பார்த்தேன்.

பின்பக்கத் தகட்டில் நாலு ஸ்க்ரூவும் இல்லை. உள்ளே கேள்வித்தாள் கட்டில் ஒன்று குறைந்தது.

அவன் திருடவில்லை என்பதற்கு இப்போது நாற்பது பேர் சாட்சி. முதல் சாட்சி நான்.