ஒரு நாள் நல்ல பிள்ளை

“வைத்தியரிடம் வெட்கப்படுகிறவன்...” என்று கரடியின் பெரியப்பா ஏதோ சொல்வார். மீதி கரடிக்கு மறந்துவிட்டது.

தேனெடுக்க மரம் ஏறும்போது இரண்டு முறை மயங்கி விழுந்ததால், ஆந்தை வைத்தியர் அதன் நெஞ்சில் இதயத் துடிப்பைப் பதியும் சிறு கருவியை ஒட்டி, “நாளை வரை இருக்கட்டும்,” என்றார். கரடி குகைக்கு வந்து அசையாமல் படுத்துக்கொண்டது.

“துடிப்பு தப்பவே இல்லையே,” என்றது கருவி. “இன்னைக்கு மரம் ஏறலையா அண்ணே?”

“தப்புறது தெரிஞ்சா இனி ஏறவே கூடாதுன்னுடுவார். நீ நல்லபடியாகவே பதிஞ்சுக்கோ, தம்பி.”

“பதியறேன். நாளைக்கு நான் போயிடுவேன். மரம் இங்கேதான் இருக்கும்.”

கரடி நெஞ்சைத் தடவிப் பார்த்தது. பிறகு எழுந்து போய், தாழ்ந்த கிளை வரை ஏறியது.