வெளிப்பக்க முடிச்சு

கேட்டில் பூட்டைக் கண்டால் அருளப்பன் ஆத்திரத்தில் தலையால் முட்டுவார். மறதி முற்றிய மனிதர். தெருவில் இறங்கினால் வீடு திரும்பத் தெரியாது. அதனால் அவர் மனைவி மரியபுஷ்பம் செல்போனில் பார்த்து, கேட்டைக் கட்டிவைக்க ஒரு கயிற்று முடிச்சைப் பழகிக்கொண்டாள். எங்கே இழுத்தாலும் இறுகும். உள்ளே மறைந்திருக்கும் நுனியைச் சுண்டினால் மட்டுமே அவிழும். பகலெல்லாம் அவர் அதை நோண்டிக்கொண்டிருந்தார். அடுப்படியில் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

ஒரு காலையில் கேட் கிறீச்சிட்டது. ஓடினாள். அவர் தெருவில் நின்று கேட்டை வெளிப்பக்கமாகக் கட்டிக்கொண்டிருந்தார். அவள் அறியாத வேறு முடிச்சு.

"என்னங்க, எங்க போறீங்க? அவுத்து விடுங்க!"

"வேலைக்கு நேரமாச்சு புஷ்பம். தனியா இருக்க, பத்திரம்."

அந்தப் பெயர் அவர் வாயில் வந்து எத்தனையோ நாளாயிற்று. கம்பிகளுக்கிடையே கையை விட்டு, அகப்பட்ட நுனியையெல்லாம் சுண்டினாள். அவர் தெருமுனை திரும்பிக்கொண்டிருந்தார்.