வயதுக் கட்டம்

இந்த ஒரு வரி மட்டும் இல்லாதிருந்தால் மத்தியானமே கிளம்பியிருக்கலாம் என்று அவள் நினைத்தாள்.

“மறுபடியும் முரண்டு பிடிக்குதா?” மேலாளர் டீ கப்போடு பின்னால் வந்து நின்றார்.

“அதே இடத்துலதான் சார் நிக்குது.”

காணாமல் போனவர்களைத் தேடித்தரும் நிலையம் அது. பழைய புரோகிராமில் கிடந்த பெயர்களைப் புதியதற்கு மாற்றித்தர வந்திருந்தாள். ‘அந்தக் காலத்துச் சாமான், யார் மல்லுக்கட்டுவது’ என்று அவள் கம்பெனியில் எல்லோரும் நழுவ, இவள்தான் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஒரு வரி கோணினாலும் புதிய புரோகிராம் மொத்தத்தையும் திருப்பி அனுப்பியது. கோணியதும் ஒரே வரிதான். பதினேழு வயதில் வீட்டைவிட்டுப் போன ஒரு பெண்.

“அந்த வரியத் தூக்கிடுங்களேன். சாயங்காலம் பழைய மெஷினை எடுத்துட்டுப் போக ஆள் வருது. ஒருத்திக்காக லிஸ்ட்ல இருக்கற இத்தனை பேரை வாசல்லயே நிக்க வைக்கறதா?”

“தூக்கிட்டா, அப்புறம் அந்தப் பொண்ணை யாருமே தேட மாட்டாங்களே சார்.”

“இத்தனை வருஷம் வராதவ, இனிமேலா வரப்போறா?”

தூக்குவதற்கு ஒரு விசை போதும். விரல் அதன்மேல் போய் நின்றது. தேடப்படாமல் இருப்பது சிலருக்கு நிம்மதியாகக்கூட இருக்கலாம். ஆனாலும், கோணல் எங்கே என்று பார்க்காமல் கைவைக்க மனம் வரவில்லை. வரியைத் திறந்தாள்.

வயது என்ற கட்டத்தில் ஓர் எண் இருக்கவேண்டிய இடத்தில், எறும்புச்சாரிபோல எண்கள். பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது என்று நடுவில் காற்புள்ளி போட்டுப் போட்டு நீண்டுகொண்டே போயின. புதிய புரோகிராமுக்குக் காற்புள்ளி என்றால் அடுத்த கட்டம். அதனால் வயதுகள் வழிந்து முகவரிக்குள் போய் உட்கார்ந்திருந்தன.

“இதை இப்படி அடிச்சது யாரு?”

தொலைபேசி மேசையில் இருந்த அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டார். “நான்தாம்மா. தப்பா?”

“வயசுன்னா ஒண்ணுதானேக்கா போடணும்?”

“அவங்கம்மா வருஷா வருஷம் பொண்ணு பொறந்தநாளுக்குப் போன் பண்ணுவாங்க. ‘இன்னைக்கு ஒரு வயசு கூடிடுச்சு, எழுதிக்கோங்க. இன்னும் சின்னப் பொண்ணுன்னு நெனச்சுத் தேடிடாதீங்க’ம்பாங்க. பழசை அழிக்க எனக்குக் கை வரலை. பக்கத்துல பக்கத்துல போட்டுக்கிட்டே வந்துட்டேன்.”

“ஏங்க்கா, இது கம்ப்யூட்டரா, உங்க வீட்டுச் சுவரா? பிள்ளை வளர வளரக் கோடு போட்டுக்கிட்டே இருக்கீங்களே!” என்று மேலாளர் தலையில் கைவைத்தார்.

அவள் சிரிக்கவில்லை. எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே கடைசிவரை போனாள். ஒரு வருடம்கூட விட்டுப்போகவில்லை.

விசைமேல் இருந்த விரலை எடுத்துக்கொண்டாள். கட்டங்களைக் காற்புள்ளிக்குப் பதில் செங்குத்துக் கோட்டால் பிரித்தாள். வயதுக் கட்டத்தில் எதை எழுதியிருந்தாலும் வாங்கிக்கொள்ளும்படி புதியதையும் கொஞ்சம் தளர்த்தினாள். இம்முறை எங்கும் நிற்காமல் ஓடி முடிந்தது.

“எல்லாரும் உள்ள வந்தாச்சு சார்.”

“அப்பாடா!” மேலாளர் ஆறிப்போன டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, பழைய மெஷினை எடுக்க ஆள் வந்ததா என்று பார்க்கப் போனார்.

அக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. உடனே எண்களைச் சுழற்றினார். “மெஷின் மாறுதுன்னு சொன்னதுலேருந்து அந்தம்மா பயந்துக்கிட்டே இருக்காங்க, பொண்ணு பேரு எங்க விட்டுப்போயிடுமோன்னு. இந்தாங்க, சரிபண்ணினவங்க நீங்க. நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க.”

நீட்டிய ரிசீவருக்குள் யாரோ ‘ஹலோ, ஹலோ’ என்று கூப்பிடுவது சன்னமாகக் கேட்டது.

அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். “வேண்டாங்க்கா. நீங்களே சொல்லிடுங்க.”

“நல்ல பொண்ணு போங்க! ஒரு ஹலோ சொன்னா வாய்லேருந்து முத்தா உதிர்ந்துடும்?”

உதிராதுதான். ஆனால் அந்த ஒரு சொல் போதும், குரலை வைத்தே அம்மா அவளைக் கண்டுபிடித்துவிடுவாள்.