பதினெட்டாவது பெயர்

மேனேஜர் சவரிமுத்துவின் நோட்டில் பதினேழு ஆட்டக்காரர்களின் பெயர்கள் பேனாவில் இருக்கின்றன. பதினெட்டாவது மட்டும் பென்சிலில். அது பெலிக்ஸின் பெயர். எழுதியவனும் அவன்தான், கடத்தூர் டீமில் அவன் கையெழுத்துதான் திருத்தமானது. தருமபுரி மைதானத்தில் கால்பந்து இறுதிப் போட்டி தொடங்க இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது. காற்றில் நோட்டு படபடக்க, சவரிமுத்து அதன்மேல் செல்போனை வைக்கிறார். ஓசூரிலிருந்து வரவழைத்த ஆட்டக்காரன் பக்கத்தில் குனிந்து ஷூ கட்டிக்கொண்டிருக்கிறான். "உம்பேர அழிச்சிட்டு இவரு பேர எழுதுப்பா. வேற யாரைத் தூக்குனாலும் அடுத்த வாரமே எதிர் டீம்காரன் சேத்துக்குவான். உன்னைய யாரும் கேக்கமாட்டாங்க. அடுத்த மேட்ச்சுக்குத் திரும்பப் போட்டுக்கலாம்" என்கிறார் சவரிமுத்து. "சரிங்க" என்கிறான் பெலிக்ஸ். மூன்று தேய்ப்பில் பெயர் போய்விடுகிறது. அந்த இடத்தில் தாள் ஏற்கெனவே மெலிந்து பஞ்சுபோல் இருக்கிறது. புதுப் பெயரை எழுதி, ரப்பர் துகளை ஊதிவிட்டு, பதினெட்டாம் எண் ஜெர்சியைக் கழற்றிக் கொடுக்கிறான். அதன் முதுகில் அவன் வியர்வை இன்னும் ஈரமாக இருக்கிறது. அணிகள் உள்ளே ஓடுகின்றன. எதிர்ப்புறப் படிக்கட்டில் அவன் மனைவி ஜோஸ்பின் உட்கார்ந்திருக்கிறாள். இன்றைக்கு நிச்சயம் ஆடுவேன் என்று அவன் சொன்னதால் தையல் கம்பெனியில் லீவு போட்டு, முதல்முறையாக ஆட்டம் பார்க்க வந்தவள். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி, பதினெட்டாம் எண்ணைத் தேடிக் கண்டுபிடித்து, எழுந்து நின்று கையை ஆட்டுகிறாள். கோட்டுக்கு வெளியே பெலிக்ஸ் பனியனோடு நிற்கிறான். ஓசூர்க்காரன், அவள் யாரென்று தெரியாமலே, பதிலுக்குக் கையை உயர்த்துகிறான்.