மில்லுச் சரக்கு

மாரப்பனுக்கு எலும்பு பொறுக்கும் காலையில், அவர் வேலை செய்த வெள்ளைக்கல் அரைக்கும் மில்லின் மேனேஜர் வந்து சாம்பலுக்கு முன்னால் சூடம் கொளுத்தினார். "இந்தச் சூடம் மாதிரி மிச்சமில்லாம போய்ச் சேந்துட்டாரும்மா. மில்லுல என்ன, வெறும் தூசிதானே. பீடிதான் ஆளைத் தின்னுடுச்சு" என்றார். மகள் நிறைமதிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பள்ளியில் வேதியியல் நடத்துகிறவள் அவள். சூடத்தின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பட்டும் படாமலும் தொட்டுக்கொண்டிருப்பவை. கொஞ்சம் சூடு பட்டாலே பிரிந்து ஆவியாகிவிடும். அப்பா ஆயுசு முழுக்க அரைத்த வெள்ளைக்கல், சிலிக்கா, அப்படியில்லை. அதில் தனித்தனி மூலக்கூறே கிடையாது. ஒவ்வொரு சிலிக்கான் அணுவும் நான்கு ஆக்சிஜனை இறுகப் பிடித்திருக்கும். அந்தப் பிடி கல் முழுக்க அறுபடாமல் ஓடும். அப்பாவின் நுரையீரலில் போய்ப் படிந்த அதன் தூசி, அவ்வளவு இருமியும் கரையவில்லை. சிதை நெருப்பிலும் உருகியிருக்காது.

நெஞ்சு இருந்த இடத்துச் சாம்பலை இரண்டு கையாலும் அள்ளி மேனேஜர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"தினமும் கேட்டுல பையைச் சோதிச்சுத்தானே சார் வெளிய விட்டீங்க? அப்பா நெஞ்சுக்குள்ள வெச்சுக் கொண்டாந்துட்டாரு. உங்க மில்லுச் சரக்கு. எடுத்துக்குங்க."

காற்று அடித்தது. மேனேஜர் சட்டென்று கைக்குட்டையை எடுத்து மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டார்.