எம்ப்ரிக் போட்டுட்டேன்

டிராக்டர் நின்ற பிறகும் கட்டைகள் உருண்டுகொண்டே இருந்தன.

கடைசிக் கட்டை பெரியவர் வீட்டு வாசலில் இருந்த தபால் பெட்டிக் கம்பத்தில் முட்டி நின்றது.

சன்னல் வழியாக அவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். பார்த்த பிறகு உள்ளே உட்கார்ந்திருக்க முடியுமா? கம்பளித் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு பனியில் இறங்கினார்.

டிராக்டரிலிருந்து ஒரு பெண் குதித்தாள். சுன்னிவா. பெர்கன் நகரப் பக்கத்துக்காரி. போன இலையுதிர் காலத்தில்தான் ஏரிக்கு அந்தப் பக்கம் பண்ணை வாங்கிக் குடிவந்தவள்.

"மன்னிச்சுக்கோங்க பெரியவரே! உங்க வாசல்லயே வந்து அருமையா ஒரு எம்ப்ரிக் போட்டுட்டேன்!"

சொல்லிவிட்டு வாய் நிறையச் சிரித்தாள்.

ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள் ஊர்ப் பேச்சைத்தான் முதலில் பிடித்துக்கொள்வார்கள். வெட்டியும் விழாமல் பக்கத்து மரத்தில் சாய்ந்து நிற்கும் மரத்துக்கு இந்தப் பள்ளத்தாக்கில் 'விருந்தாளி' என்று பேர். லேசில் கிளம்ப மாட்டான். எத்தனை போடு போட்டாலும் பிளக்காத கணுக்கட்டை 'பாதிரியார்'. ஏற்றிய விறகை நடுரோட்டில் கொட்டிவிட்டால் அது 'எம்ப்ரிக்'.

விருந்தாளி, பாதிரியார் எல்லாம் சும்மா சொல்வது. எம்ப்ரிக் அப்படியில்லை. அந்தப் பேருக்கு உயிரோடு ஓர் ஆள் உண்டு. கம்பளித் தொப்பியோடு அவள் எதிரில் நின்றுகொண்டிருந்தார்.

அவருக்கு முகம் பற்றி எரிந்தது. எழுபதை நெருங்கும் மனுஷனுக்கு இன்னும் என்ன வெட்கம் என்று கேட்டால், அவருக்கே தெரியாது. வந்தது.

அவளுக்குப் பின்னால் தபால் பெட்டி. அதில் வெள்ளை எழுத்தில் அவர் பேர். கெட்ட நேரம், காலையில்தான் அதன் மேலிருந்த பனியைத் துடைத்துவிட்டிருந்தார்.

அவள் திரும்பிப் பார்த்தால் போச்சு. முதலில் வாயைப் பொத்திக்கொள்வாள். பிறகு மன்னிப்புக் கேட்பாள். அதைக் கேட்டுக்கொண்டு நிற்பதைவிட உறைந்த ஏரியில் துளை போட்டு இறங்கிவிடலாம்.

கோட்டைக் கழற்றிப் பெட்டியின் மேல் மாட்டினார்.

"ஐயோ, குளிரலையா?"

"வேலை செஞ்சா சூடு வரும். நீ அந்தப் பக்கம் பிடி."

இருவரும் பிர்ச் மரக் கட்டைகளை ஒவ்வொன்றாக டிராக்டரின் இழுவைப் பெட்டியில் ஏற்றினார்கள். அவள் கை ஓய்ந்தாலும் வாய் ஓயவில்லை.

"யாரு பெரியவரே அந்த எம்ப்ரிக்? கடையில கேட்டா சிரிக்கத்தான் செய்யறாங்க. சர்ச் வாசல்ல கொட்டிட்டானாமே? கல்யாணப் பொண்ணு கவுனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு விறகு மேல ஏறித்தான் உள்ள போனாளாமே, நெசமா?"

"கவுன் கிழியல" என்றார் அவர். "பட்டைதான் கொஞ்சம் ஒட்டிக்கிச்சு."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவர் குனிந்து அடுத்த கட்டையை எடுத்தார்.

ஏற்றி முடித்ததும் சங்கிலியை அவரே இறுக்கினார்.

"கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தி, மறுபடி இறுக்கணும். கட்டை குலுங்கி உக்காந்ததும் சங்கிலி தொளதொளன்னு ஆயிடும். அன்னிக்கும் அதத்தான் செய்யல."

அவள் பள்ளிப் பிள்ளை மாதிரி தலையாட்டினாள். ஏறி உட்கார்ந்து எஞ்சினைக் கிளப்பினாள்.

"உங்க பேரச் சொல்லலையே! கடையில எல்லார்கிட்டயும் சொல்லணும்."

கேட்பாள் என்று தெரியும். தெரிந்தும் ஒரு பேரை யோசித்து வைத்திருக்கவில்லை. பள்ளத்தாக்கில் பேருக்கா பஞ்சம்? அவர் வாயில் வந்தது ஒன்றுதான்.

"ஹால்வர்."

"ரொம்ப நன்றி ஹால்வர்! உங்கள மாதிரி ஒரு ஆளு அன்னிக்கு ஓட்டியிருந்தா, பாவம், அந்த எம்ப்ரிக் பேரு இப்படி நாறியிருக்காது."

டிராக்டர் வளைவில் மறைந்தது. சற்றுத் தள்ளி அது நிற்கும் சத்தமும் சங்கிலி இறுகும் சத்தமும் கேட்டன. சொன்னதைக் கேட்கிற பெண்தான்.

கோட்டை எடுக்கப் போன அவர் கை பாதியில் நின்றது.

ஹால்வர் அவருடைய தம்பி. கடைசி வரை பால் லாரி ஓட்டியவன். சர்ச் தோட்டத்தில் அவனை அடக்கம் செய்து இரண்டு குளிர்காலம் ஆகிறது. உயிரோடு இருந்தவரை, கடையில் யாராவது 'எம்ப்ரிக்' என்றால் முதலில் சிரிப்பதும் அவன்தான், உரக்கச் சிரிப்பதும் அவன்தான். அண்ணன் கண்ணை மட்டும் பார்க்க மாட்டான்.

அன்று சர்ச் வாசலில் போலீஸ்காரர் கேட்டதும் ஒரு பேரைத்தான். வண்டியை ஓட்டியது யார்?

தம்பியிடம் சாராயம் குப்பென்று வீசியது. லைசென்ஸ் போனால் லாரி வேலை போகும். அவன் பெண்டாட்டிக்கு அப்போது மாசம் நிறைந்திருந்தது. யாரும் பார்ப்பதற்குள் எம்ப்ரிக், தம்பியை இருக்கையிலிருந்து இழுத்து இறக்கிவிட்டு, தான் ஏறி உட்கார்ந்துகொண்டார். கேட்டவர்களுக்கெல்லாம் தன் பேரைச் சொன்னார். அப்பாவிடமும் சொன்னார். கட்டிய மனைவி சாகும்வரை அவளிடமும் அதையேதான் சொன்னார்.

இத்தனை வருஷம் ஊர் சிரித்தபோது வாய் திறக்காதவர், இன்று ஒருத்தி சிரிப்பாளே என்று பயந்து, அன்று மறைத்த பேரையே சொல்லித் தம்பியைக் காட்டிக்கொடுத்துவிட்டார்.

கோட்டைத் தபால் பெட்டியின் மேலேயே, தன் பேரை மூடியபடியே விட்டுவிட்டு வீட்டுக்குள் போனார்.